சகடை என்றால் எந்தப் பிளேன்?

எங்கள் குடும்பத்தில் முப்பது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. உள்நாட்டு யுத்தத்தில் வட இலங்கையின் வன்னிக்கு மேல் மெதுவாகச் சுற்றிக் குண்டு போட்ட விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் சகடை. அது அவ்ரோ என்பார் மல்லாவியில் இருக்கும் மாமா. முள்ளியவளையில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா, இல்லை, அது வை-12 என்பார். கலியாண வீடோ செத்த வீடோ, சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தால் இது தொடங்கிவிடும். இரண்டு பேரும் ஒரு விமானத்தையாவது கிட்ட நின்று பார்த்தவர்கள் இல்லை. ஆனாலும் பேச்சு எஞ்சின், உயரம், சுற்றும் விதம் என்று போகும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தலையும் விளங்காது, வாலும் விளங்காது.

வெளிநாடுகளில் பழைய விமானங்கள் மேல் பித்துப் பிடித்தவர்கள் நிறையப் பேர். விமான நிலைய வேலியோரம் நின்று பதிவெண்களைக் கொப்பியில் குறிப்பார்கள். ஒரு பழைய எஞ்சின் ஓடுவதைக் கேட்க நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போவார்கள். அவர்கள் டக்கோட்டா, அவ்ரோ என்று உருகிப் பேசும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்தச் சத்தங்கள் எனக்கும் தெரியும். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை வன்னியில் இருந்த யாருக்கும் தெரியும். பதிவெண் ஒன்றுகூடத் தெரியாது, அவ்வளவுதான். அவர்கள் கண்ணால் படித்ததை நாங்கள் காதால் படித்தோம். அந்தப் படிப்புக்குப் பின்னால் பௌதிகமும் கொஞ்சம் இருக்கிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

வன்னி வானத்தின் விமானக் கதை கிபிர் என்ற குண்டுவீச்சு ஜெட்டோடு தொடங்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டபின், இலங்கையில் பிரித்தானிய விமானப்படையின் பலம் வேகமாகக் கூட்டப்பட்டது. அந்த யுத்தகாலத்தில் வவுனியாவும் ஒரு தளம். 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமான அணிகளின்) போஃபோர்ட் விமானங்களும், இரவில் பறந்து எதிரியைத் தேடும் 89ஆம் ஸ்குவாட்ரனின் போஃபைட்டர்களும் அங்கே நின்றன. ஓடுபாதை வேலைக்குக் கல் சுமந்து கூலி வாங்கியதாக எங்கள் அப்பு சொல்வார். போஃபைட்டரின் ஹெர்குலிஸ் எஞ்சினில் வழமையான வால்வுகள் கிடையாது. சிலிண்டருக்குள் ஓர் உறை நகர்ந்து திறக்கும், மூடும். அதனால் அதன் சத்தம் மற்ற எஞ்சின்களைவிட அமுங்கியே கேட்கும் என்பார்கள். அப்புவுக்கு உறை வால்வு பற்றி ஒன்றும் தெரியாது. "அது பக்கத்திலை வரும்வரைக்கும் தெரியாது" என்று மட்டும் சொல்வார்.

அடுத்தது டக்கோட்டா. எயார் சிலோனின் முதல் சேவை 1947 டிசம்பர் 10ஆம் திகதி கொழும்புக்கருகே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று பயணச்சீட்டில் இருந்தாலும் இறங்கும் இடம் பலாலி. இரத்மலானைக்கும் பலாலிக்கும் நேர்கோடு போட்டால், அது மன்னார்க் கரையை ஒட்டி மேற்கு வன்னிக்கு மேலாகப் போகும். வெள்ளாங்குளம், துணுக்காய்ப் பக்கத்துச் சனத்துக்கு அது ஒரு மணிக்கூடு. "பிளேன் போகுது, மாட்டை அவிழ்" என்று வயலில் குரல் கேட்கும். டக்கோட்டாவின் ஒவ்வோர் எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் நட்சத்திரம்போல் சுற்றி நிற்கும். தலைக்கு 1200 குதிரைவலு. கனத்த உறுமல், அவசரமே இல்லை.

அறுபதுகளில் அவ்ரோ 748 வந்தது. பிரித்தானியத் தயாரிப்பு, இரண்டு றோல்ஸ் றொய்ஸ் டார்ட் எஞ்சின். டார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது விசிறியைச் சுற்றும் எஞ்சின்தான், ஆனால் உள்ளே பிஸ்டன் இல்லை. காற்றை அமுக்கும் சில்லு நிமிடத்துக்கு 15,000 தடவை சுழலும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு சத்தம் வரும். விசிறியின் இரைச்சல் ஒன்று, அதற்கு மேலே ஊசி போல ஒரு விசில் இன்னொன்று. காற்று இந்த இரண்டையும் ஒரே மாதிரிக் கொண்டுவருவதில்லை. மெல்லிய கீச்சுச் சத்தத்தைக் காற்று வழியிலேயே உறிஞ்சிவிடும், கனத்த இரைச்சல்தான் தூரம் வரும். எனவே அவ்ரோ தூரத்தில் இருந்தால் இரைச்சல் மட்டும் கேட்கும். விசில் கேட்டால் ஆள் கிட்ட.

எண்பதுகளின் நடுவில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையானது.

அதற்கு முன்பே காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, யாழ்ப்பாணத்திலிருந்து போய் இரத்மலானையில் தரித்து நின்ற எயார் சிலோன் அவ்ரோ ஒன்று குண்டு வெடித்து எரிந்தது. உயிரிழப்பு இல்லை. அடுத்த ஆண்டு எயார் லங்கா வந்தது, எயார் சிலோன் என்ற பெயர் போனது. அவ்ரோ மட்டும் போகவில்லை. இலங்கை விமானப்படையிடமும் அதே அவ்ரோ இருந்தது, ஆள் ஏற்ற, சாமான் ஏற்ற. பிறகு குண்டு ஏற்ற. குண்டுவீச்சுக்கென்று கட்டாத விமானத்தில் குண்டு போடும் வழி மிக எளிது. வெடிமருந்து அடைத்த பீப்பாவைப் பின்கதவால் உருட்டிவிட வேண்டும். மாடு அவிழ்க்க நேரம் சொன்ன அதே டார்ட் விசில்தான், அதே வானம்தான். பழைய விமானப் பிரியர் ஒருவர் டார்ட்டின் விசிலை நினைத்துக் கண் கலங்கும் இடத்தில் என் அம்மாவின் கை தானாகப் பிள்ளையின் தோளைப் பிடிக்கும். ஒரே எஞ்சின்.

1985இல் இத்தாலியிலிருந்து எஸ்எஃப்-260 வந்தது. சியாய் மார்கெட்டி கம்பனியின் பயிற்சி விமானம், ஒற்றை எஞ்சின், 260 குதிரைவலு. பெயரில் உள்ள எண் அதுதான். அதை வடிவமைத்தவர் ஸ்ரேலியோ ஃப்ராற்றி. பழகும் பையன்கள் வானத்தில் குத்துக்கரணம் அடிக்கச் செய்த அழகான சின்ன விமானம் அது. அதன் இறக்கையில் ரொக்கட்டும் துப்பாக்கியும் பூட்டினார்கள். எங்கள் சனம் மார்கெட்டியையும் விட்டுவைக்கவில்லை. சியாமாசெட்டி என்று ஒரு செட்டியாராக்கிவிட்டது. பொம்மர் என்ற சொல் முதலில் ஒட்டிக்கொண்டதும் இதோடுதான் என்று நினைக்கிறேன், பிறகு குண்டு போடும் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று.

ஹெலியை அடையாளம் காண்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். காரணம் இறக்கைத் தகடுகளின் எண்ணிக்கை. பெல் 212க்கு மேலே இரண்டே தகடு. இரண்டு தகட்டில் முழுப் பாரமும் தொங்குவதால் ஒவ்வொரு தகடும் காற்றை ஓங்கி அறையும், "டப் டப் டப்" என்று எண்ணலாம்போல் இருக்கும். பெல் 412க்கு நான்கு, சத்தம் நெருங்கி மிருதுவாகும். 1995இல் வந்த எம்ஐ-24க்கு ஐந்து. அது தட்டாது, உழவு இயந்திரம் போலத் தொடர்ந்து இரையும். 1997 மேயில் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கி ஏ9 வீதியோரம் புளியங்குளம், மாங்குளம் என்று சண்டை நகர்ந்தபோது, சின்னப் பிள்ளையும் "இது ரெண்டு தகடு இல்லை" என்று சொல்லும். தகடு என்ற சொல் யார் கொடுத்தது என்று தெரியாது. கூரைத் தகரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

சரி, சகடை. கோயிலில் சாமி எழுந்தருளும், சில்லுப் பூட்டிய தாழ்ந்த வாகனத்துக்கு எங்கள் பக்கத்தில் சகடை என்றுதான் பெயர். தேர்போல் உயரம் இல்லை, ஆடி அசைந்து உருளும், வீதி சுற்ற நேரம் எடுக்கும். அந்த நடையை நினைத்துக்கொண்டு வானத்தில் மெதுவாக வட்டமடிக்கும் இரட்டை எஞ்சின் விமானத்தைப் பார்த்தால் பெயர் யார் மனத்திலும் தானாக எழும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானப் பிரியர்கள் விமானத்தைத் தயாரித்த கம்பனி, ஆண்டு, வகை என்று பிரிப்பார்கள். வன்னியில் பிரித்தது அது என்ன செய்யும் என்பதை வைத்து. மெதுவாக வந்து, சுற்றி, மேலிருந்து உருட்டிவிட்டுப் போவது சகடை. அதை அவ்ரோ செய்தாலும் சகடை, சீனத்து வை-12 செய்தாலும் சகடை. ஆக, மாமாவும் பெரியம்மாவும் சண்டை பிடிக்கக் காரணமே இல்லை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இரட்டை எஞ்சினைக் காது எப்படிப் பிடிக்கிறது? இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்றாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஒன்றின் சத்தம் மற்றதோடு சேரும்போது உரக்கும், விலகும்போது அமுங்கும். "வூம்... வூம்..." என்று ஏறி இறங்கும் அந்த அலைக்கு அடிப்பு என்று பௌதிகப் பாடத்தில் பெயர். வீணையின் இரண்டு தந்திகளைச் சுருதி சேர்க்கும்போது கேட்பதும் இதே அடிப்புத்தான். ஒற்றை எஞ்சினில் அடிப்பு இல்லை, ஆகவே சியாமாசெட்டியின் இரைச்சல் ஏறாமல் இறங்காமல் ஒரே இழுவையாக வரும். நான்கு எஞ்சின் என்றால் பல அடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒழுங்கில்லாமல் உருளும். இதை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

1991இல் ஜெட் வந்தது. சீனாவின் எஃப்-7, சோவியத் மிக்-21இன் பிரதி. வந்த புதிதில் சனம் அதை சுப்பர்சொனிக் என்றது. ஒலியைவிட வேகமாகப் போகக்கூடியது உண்மை, ஆனால் குண்டு போட வரும்போது அந்த வேகத்தில் வருவதில்லை. பிறகு 1993இல் ஆர்ஜென்ரீனாவிலிருந்து புக்காரா, இது ஜெட் இல்லை, விசிறி விமானம். கெச்சுவா மொழியில் கோட்டை என்று பொருள், 1982இல் ஃபோக்லாந்துச் சண்டையில் பறந்தது. நான்குதான் வாங்கினார்கள். 1996 தொடக்கத்தில் இஸ்ரேலின் கிபிர். 2000இல் உக்ரேனிலிருந்து மிக்-27, இறக்கையை விரிக்கவும் பின்னால் மடக்கவும் கூடியது.

இவற்றில் வன்னி மறக்காத பெயர் கிபிர். எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று அர்த்தமாம். வாங்கியவர்கள் பெயர்ப் பொருத்தம் பார்த்தார்களோ என்னவோ. பிரெஞ்சு மிராஜ் விமானத்தின் முக்கோண உடலுக்குள், அமெரிக்க ஃபன்ரம் விமானத்தில் இருந்த ஜே79 எஞ்சினைப் பொருத்திச் செய்தது அது.

கிபிரிடம் சனத்துக்கு அவ்வளவு பயம் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகும். ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் எழும் சத்தம் உங்களிடம் வர 14 அல்லது 15 செக்கன். சியாமாசெட்டி மணிக்கு 300 கிலோமீற்றரில் வந்தால் அதே தூரத்துக்கு ஒரு நிமிடம் எடுக்கும். ஆக, சத்தம் கேட்டபின் 45 செக்கன் உங்கள் கையில். கிபிர் மணிக்கு 900இல் வந்தால் 20 செக்கனில் தலைக்கு மேல். கையில் இருப்பது ஐந்தரைச் செக்கன். போதாததற்கு, ஜெட்டின் இரைச்சல் பெரும்பாலும் பின்புறமாகத்தான் கொட்டும், முன்னால் நிற்பவருக்குக் குறைவு. அந்த ஐந்தரைச் செக்கனும் முழுதாகக் கிடைக்காது. பெரிய முழக்கம் கேட்கும்போது அது கடந்து போயிருக்கும்.

இந்தக் கணக்கை யாரும் கடதாசியில் போடவில்லை. ஆனால் வீட்டு வளவில் எழுதப்பட்டிருந்தது. எண்பதுகளில் எங்கள் பங்கர், அதாவது பதுங்கு குழி, வளவின் மூலையில், முருங்கை மரத்தடியில் இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண் போட்டது. ஓடிப் போக நேரம் இருந்தது. கிபிர் வந்தபின் வெட்டிய பங்கர் குசினி வாசலுக்கு நேரே, இரண்டு எட்டில். இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு வளவிலும் முதலில் வெட்டியது அதைத்தான், அடுப்புக்குக் கல் வைத்தது பிறகுதான். அடுப்பும் பங்கரும் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று பார்த்தே அது எந்த விமானத்தின் காலத்து வீடு என்று சொல்லலாம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. "சத்தம் வாற இடத்தைப் பாராதை, அதுக்கு முன்னாலை பார்" என்பார் சித்தப்பா. மூன்று கிலோமீற்றர் உயரத்தில் தலைக்கு மேல் போகும் ஜெட்டின் சத்தம் தரைக்கு வர ஒன்பது செக்கன் ஆகும். அதற்குள் விமானம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் தாண்டிவிடும். சத்தம் காட்டும் இடம் பழைய இடம். இன்னொரு விதி, "நேர் மேலை வைச்சு விட்டால் எங்களுக்கில்லை." இதுவும் சரிதான், அரைவாசி. ஆயிரம் மீற்றர் உயரத்தில் மட்டமாகப் பறக்கும் ஜெட்டிலிருந்து பிரியும் குண்டு விழ 14 செக்கன், அதற்குள் விமானத்தின் வேகத்தோடே மூன்றரைக் கிலோமீற்றர் முன்னால் போகும். காற்றின் தடையைக் கழித்தாலும் தலையில் விழாது. ஆனால் கிபிர் பெரும்பாலும் மட்டமாக வருவதில்லை, பதிந்து எழும்பும். அப்போது இந்தக் கணக்கு உதவாது. சகடையின் பீப்பாவும் அப்படித்தான், காற்றில் புரண்டு தடுமாறி எங்கே விழும் என்று உருட்டிவிட்டவருக்கே தெரியாது. விதியை நம்பி வெளியில் நின்றவர்களும் உண்டு. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டுவீச்சில் மாணவிகள் கொல்லப்பட்டது காலை நேரத்தில். அதற்குப் பிறகு என் அக்கா விதி எதையும் பேச விடமாட்டாள்.

காற்றும் இந்தப் படிப்பில் ஒரு பாடம். ஜெட்கள் கட்டுநாயக்கவிலிருந்து, தெற்கேயிருந்து வரும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றும் அதே பக்கமிருந்து வருவதால் சத்தத்தைக் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்து தரும். வாடை என்ற வடகிழக்குக் காற்றுத் தொடங்கினால் காற்று எதிர்ப்பக்கம், சத்தம் அமுங்கும், மழை இரைச்சல் வேறு. உச்சிவெயிலில் சூடான தரைக்கு மேல் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிர்ந்தால் கீழ்நோக்கி வளையும், பத்து மைலுக்கு அப்பால் உள்ளதும் வாசலில் நிற்பதுபோல் கேட்கும். இரவில் சனம் அதிகம் பயந்ததற்கு இருட்டு மட்டும் காரணமில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து வண்டு. ஆளில்லா வேவு விமானத்துக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியிலும் இருக்காது. சிறிய பிஸ்டன் எஞ்சின், பின்னால் தள்ளும் விசிறி, மணிக்கணக்கில் ஒரே ரீங்காரம். அது குண்டு போடாது. ஆனால் வண்டு சுற்றிய இடத்துக்குப் பிறகு கிபிர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சத்தத்தால் வரும் எச்சரிக்கை ஐந்து செக்கன் என்றால் வண்டால் வருவது ஒரு நாள் முழுக்க. எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2007இல் இன்னொரு சத்தம் சேர்ந்தது. மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்ட புலிகளின் விமானங்கள் செக் நாட்டின் சிலின் 143. அதில் இருப்பது லைக்கோமிங் ஓ-540 வகை எஞ்சின், ஆறு சிலிண்டர். சியாமாசெட்டியில் இருந்ததும் அதே ஓ-540 வகைதான். இரண்டு பக்கத்துச் சின்ன விமானங்களுக்கும் ஒரே அமெரிக்கத் தொழிற்சாலை நெஞ்சு. இரவில் சிலின் எழும்பியபோது, பழைய ஆட்கள் சிலர் பங்கருக்குள் போய்விட்டு வெளியே வர மறுத்தார்கள் என்று ஊரில் சிரிப்பாகச் சொல்வார்கள். அவர்களின் காது பிழை விடவில்லை.

பயணிகள் விமானத்தின் கதை இதற்கிடையில் சுருங்கிப் போனது. 1995 ஏப்ரல் 28, 29ஆம் திகதிகளில் பலாலிக்கருகே விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் அடுத்தடுத்து விழுந்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24, மன்னார்க் கடலில் 55 பேரோடு மறைந்தது. அதன் உடைந்த பாகங்களை இரணைதீவுக் கடலில் கண்டெடுக்கப் பதினான்கு வருடமாயிற்று. மணிக்கூடு பார்த்த அதே பாதைதான்.

இரத்மலானையில் இப்போது விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. டக்கோட்டா உண்டு, எஞ்சிய ஒரு புக்காராவும் உண்டு. மருமகனோடு போனேன். அவன் ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகை வாசித்துப் படம் எடுத்தான். நான் புக்காராவின் முன்னால் நின்று இவ்வளவு சின்னதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். காதுக்குத் தெரிந்த புக்காரா இதைவிடப் பெரிது.

போன தையில் குடும்பத்தில் ஒரு கலியாணம். வழமைபோல வெற்றிலைத் தட்டு வந்தது, வழக்கும் வந்தது. இந்த முறை மருமகன் கைத்தொலைபேசியில் அவ்ரோவின் சத்தத்தை எடுத்துப் போட்டான். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "இதுதான்" என்றார். வை-12 போட்டான். பெரியம்மா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இல்லை, இது சின்னன்" என்று தலையாட்டினார். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சொல்லுங்கோ, எப்பிடிக் கேட்டது?" என்றார்.

பெரியம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, உதட்டைக் குவித்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். உறுமல் ஏறியது, பாதியில் அமுங்கியது, அமுங்கும்போதே வேறொன்று ஏறியது, ஒழுங்கே இல்லாமல் உருண்டது. பந்தலில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி எழும்பி நின்றுவிட்டார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகனைப் பார்த்து, "தம்பி, சீனாக்காரன் தந்த பெரிசு ஒண்டு இருந்தது, வை-8. அதைப் போடு" என்றார். "அது நாலு எஞ்சின்."